படம் வரைந்தவருக்குப் பெயர் இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை நடந்த குழந்தைகள் புத்தக வெளியீட்டு விழாவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஏற்பாட்டாளர்களில் ஒருவர் நேற்று, "கதைதானே முக்கியம், படம் அலங்காரம், இதற்குப் போய் ஏன் இவ்வளவு ரகளை" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகும் பேசாமல் இருக்க என்னால் முடியாது.

நடந்தது உங்களுக்குத் தெரியும். வெளியானது 24 பக்கப் படப் புத்தகம். மேடையில் கதை எழுதியவர், பதிப்பித்தவர், தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று எல்லோரும் இருந்தார்கள். அரங்கம் தந்தவருக்குப் பொன்னாடை, ஒலிபெருக்கி வைத்த தம்பிக்கும் பொன்னாடை. தம்பிக்குப் போர்த்தியதில் எனக்கு மனதார மகிழ்ச்சி. ஆனால் அந்த 24 பக்கங்களையும் வரைந்த பெண், மூன்றாவது வரிசையில் தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தார். அழைப்பிதழில் அவர் பெயர் இல்லை, பதாகையில் இல்லை, மேடையில் ஒருவர் வாயிலும் வரவில்லை. "படங்களும் அருமை" என்று ஒருவர் சொன்னார். யார் வரைந்தது என்று சொல்ல அவருக்கு இன்னும் எத்தனை நொடி ஆகியிருக்கும்?

படம் அலங்காரம் என்கிறவர்கள் அந்தப் புத்தகத்தையே சரியாகப் பார்க்கவில்லை என்பேன். ஏழாம் பக்கத்தில் எழுத்து என்ன சொல்கிறது? பூனையைக் காணவில்லை, எல்லோரும் தேடினார்கள் என்கிறது. படத்தில் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து வால் எட்டிப் பார்க்கிறது. வீட்டில் உள்ள பெரியவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று, படிக்கிற குழந்தைக்கு மட்டும் தெரிகிறது. என் மகள் அந்த இடத்தில் சிரிக்காமல் தாண்டியதே இல்லை. அந்தச் சிரிப்பு எழுத்தில் இல்லை. படத்தை எடுத்துவிட்டால் அது பூனையைத் தேடிய சாதாரணக் கதை. கதையின் பாதியைச் சொன்னவர் ஓவியர். பாதிக் கதை சொன்னவருக்குப் பெயர் இல்லையா?

எங்கள் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன். என் மாமியார் பள்ளிக்கூடம் போகாதவர். இரவில் பேத்திக்குக் கதை சொல்வது அவர்தான். நான் அடுக்களையை ஒதுங்க வைத்துவிட்டு வருவதற்குள் இருவரும் பாதிப் புத்தகம் தாண்டியிருப்பார்கள். எழுத்துத் தெரியாதவர் எதைப் படிக்கிறார்? படத்தை. ஒரே பக்கத்துக்கு நேற்று ஒரு கதை, இன்று ஒரு கதை. "அப்பத்தா, அந்த ஆட்டை விட்டுட்ட" என்று பேத்தி திருத்துவாள். நாலு வயதுப் பிள்ளையும் எழுபது வயது மனுஷியும் சமமாக உட்கார்ந்து வாசிக்க ஒரு புத்தகத்தால் முடிகிறது என்றால், அதைச் சாத்தியமாக்கியவர் யார்? அவரைத்தான் நீங்கள் மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தீர்கள்.

பாட்டுப் புத்தகத்திலும் இதேதான். அழ. வள்ளியப்பாவின் லட்டுப் பாட்டைப் பாடாத தமிழ்க் குழந்தை உண்டா? 1922-இல் ராயவரத்தில் பிறந்து, வங்கி வேலை பார்த்துக்கொண்டே வாழ்நாள் முழுக்கக் குழந்தைகளுக்காக எழுதியவர்; 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியவர். அவர் பெயரைச் சொல்லாமல் அந்தப் பாட்டை யாரும் அச்சிடக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்களிடம் இருக்கும் பழைய புத்தகம் ஒன்றில் அந்தப் பாட்டுக்கு ஒரு படம் உண்டு. கிட்டுவும் பட்டுவும் தின்றுகொண்டிருக்க, சிந்திய தூளை நோக்கிக் கதவிடுக்கிலிருந்து எறும்புச் சாரை ஒன்று வருகிறது. பாட்டில் எறும்பு கிடையாது. அதைக் கொண்டுவந்தவர் ஓவியர். என் மகள் இப்போது பாட்டு முடிந்ததும் எறும்புக்கென்று சொந்தமாக இரண்டு அடி சேர்த்துப் பாடுகிறாள். அந்த ஓவியருக்கு நன்றி சொல்லலாம் என்று முன் அட்டை, பின் அட்டை, உள் அட்டை எல்லாம் புரட்டிவிட்டேன். அச்சகத்தின் முகவரி இருக்கிறது. ஓவியர் பெயர் இல்லை.

"அவருக்குப் பணம் கொடுத்தாகிவிட்டதே" என்று ஒருவர் கேட்கிறார். அரங்கத்துக்கு வாடகை கொடுத்தீர்கள், பொன்னாடையும் போர்த்தினீர்கள். ஓவியர் என்று வரும்போது மட்டும் கூலியோடு கணக்குத் தீர்ந்துவிடுமா?

"கதை இருந்தால்தானே படம்" என்பது அடுத்தது. இதில் கொஞ்சம் நியாயம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பெரும்பாலும் கதைதான் முதலில் வருகிறது. ஆனால் அதை எந்த இடத்தில் வெட்டிப் பக்கம் திருப்ப வைப்பது, எதை இரண்டு பக்கத்துக்கும் விரிப்பது, எதைச் சொல்லாமல் படத்துக்கு விடுவது என்பதெல்லாம் ஓவியர் உட்கார்ந்து முடிவு செய்கிற வேலை. எழுதியவரே சொல்லட்டும், அந்த வாலை வரையச் சொன்னது அவரா என்று.

உலகம் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டது. அமெரிக்காவில் படப் புத்தக ஓவியருக்கென்றே கால்டிகாட் பதக்கம் 1938 முதல் இருக்கிறது. உலக அளவில் குழந்தை இலக்கியத்துக்குத் தரும் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதை 1966 முதல் ஓவியருக்கும் தனியாகத் தருகிறார்கள். அதெல்லாம் வெளிநாடு என்பீர்கள். சரி, சென்னைக்கே வருவோம். தாரா புக்ஸ் பதிப்பகம், மரங்களின் இரவைப் பற்றிக் கறுப்புத் தாளில் கையால் அச்சிட்ட புத்தகத்துக்கு 2008-இல் இத்தாலியின் பொலோனியா குழந்தைகள் புத்தகக் கண்காட்சியில் விருது கிடைத்தது. அட்டையில் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி என்று மூன்று கோண்டு பழங்குடி ஓவியர்களின் பெயர்கள் இருக்கின்றன. புத்தகம் அவர்களுடையது என்று உலகத்துக்கே தெரியும். மறுபக்கம், சாகித்திய அகாதெமி 2010 முதல் தருகிற குழந்தை இலக்கிய விருதான பால சாகித்திய புரஸ்கார் எழுத்தாளருக்கு மட்டும்தான். அந்த வழக்கத்தைத்தான் நம் ஊர் மேடையும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தன் என்றதும் உங்கள் கண்முன் ஒரு படம் வருகிறதல்லவா? அதைத் தந்தவர் அம்புலிமாமா ஓவியர் சங்கர், கே.சி. சிவசங்கரன். ஈரோட்டுப் பக்கம் பிறந்தவர். அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பத்திரிகைக்கு வரைந்தவர். 2020-இல் காலமானார், பத்மஸ்ரீ 2021-இல் வந்தது. இருக்கும்போது கொடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

எனக்கு ஏன் இது இவ்வளவு வலிக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். என் சித்தப்பா சுவர் விளம்பரம் எழுதியவர். சிமெண்ட் கம்பெனி, பல்பொடி, கட்சிச் சின்னம், எதுவானாலும் எழுதி முடித்துக் கீழ் மூலையில் தன் பெயரைப் போட்டு 'ஆர்ட்ஸ்' என்று சேர்ப்பார். ஒரு ஜவுளிக்கடைக்காரர் அதை அழிக்கச் சொன்னபோது, பாக்கிப் பணமே வேண்டாம் என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பிறகு ஃபிளக்ஸ் வந்தது, தொழில் போனது. போன மாதம் வீட்டுக்கு வந்தவர் இந்தப் பூனைப் புத்தகத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார். "கை சுத்தமா இருக்கும்மா, யாரு போட்டது?" என்றார். இரண்டாம் பக்கத்தில், விலைக்கும் அச்சக முகவரிக்கும் நடுவே, பொடி எழுத்தில் இருந்த பெயரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டியிருந்தது. தெருச்சுவரில் எழுதியவருக்குக் கிடைத்த மூலைகூட ஒரு குழந்தைப் புத்தக ஓவியருக்குக் கிடைக்காதா?

24 பக்கத்துக்கு 150 ரூபாயா என்று கேட்டவருக்கும் ஒரு வார்த்தை. விழாவுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த சிற்றுண்டிப் பெட்டியில் பாதி குப்பைக்குப் போனது. அதன் விலையை யாரும் கேட்கவில்லை. பிள்ளை மடியில் வைத்து நூறு தடவை புரட்டுகிற புத்தகம் என்றால் மட்டும் பக்கத்தை எண்ணுகிறோம்.

இனி கதை எழுதிய நண்பருக்கு. உங்கள் எழுத்து எனக்குப் பிடிக்கும், அது மாறவில்லை. ஏற்பாட்டாளருக்குத் தெரியாமல் போயிருக்கலாம். உங்களுக்குத் தெரியும். ஒலிவாங்கி உங்கள் கையில் இருந்தது, ஓவியர் உங்கள் எதிரே இருந்தார். ஒரு தடவை அவர் பெயரைச் சொல்லி, மேலே வாருங்கள் என்று நீங்கள் அழைத்திருந்தால் இந்தப் பதிவே கிடையாது. நேற்று இரவு அழைத்து, "இதை நாம் போனில் பேசிக்கொள்ளலாம்" என்றீர்கள். அவரை அழைத்தீர்களா என்று கேட்டேன், பதில் இல்லை. முதலில் அவரை அழையுங்கள். பிறகு, இரண்டாம் பதிப்பின் அட்டையில் உங்கள் பெயர் எந்த அளவில் இருக்கிறதோ அதே அளவில் அவர் பெயரையும் போடச் சொல்லிப் பதிப்பாளருக்கு எழுதுங்கள். எழுதிவிட்டேன் என்பதை இங்கே, எல்லோரும் பார்க்கச் சொல்லுங்கள். நடந்தது எல்லோர் முன்னிலும்தானே?