சிரையில் ஓடுவதெல்லாம் கெட்ட ரத்தமா?
'தமனியில் நல்ல ரத்தம், சிரையில் கெட்ட ரத்தம்' என்று ரத்தக் குழாய்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நுரையீரலில் இது அப்படியே தலைகீழ். நுரையீரல் தமனி கொண்டுபோவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம். அங்கிருந்து இதயத்துக்குத் திரும்பும் சிரைகளில்தான் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம். தொப்புள்கொடியிலும் இதே கதைதான். இதயத்தை விட்டுப் போனால் தமனி, இதயத்துக்குத் திரும்பினால் சிரை, அவ்வளவுதான் கணக்கு. அப்புறம், சிரையின் சுவர் மெல்லியது என்பது சரி, ஆனால் அது என்றைக்கும் அப்படியே இருக்கும் என்றில்லை. என் அப்பாவுக்கு டயாலிசிஸுக்காக மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா போட்டார்கள். இரண்டு மாதத்தில் அந்தச் சிரை கயிறு மாதிரி புடைத்துக்கொண்டது. விரல் வைத்தால் பூனை உறுமுவதுபோல அதிரும். தமனியின் அழுத்தத்தைத் தாங்கித் தாங்கியே சுவர் தடித்துவிட்டதாக டாக்டர் சொன்னார்.