மன்னர் நாளில் ஆம்ஸ்டர்டாமுக்கு அரச குடும்பம் வராது

“நெதர்லாந்து அரச குடும்பம் ஆண்டுதோறும் ஏப்ரல் 27 அன்று ஆம்ஸ்டர்டாம் அரண்மனையில் மன்னர் நாள் கொண்டாடும்” என்று சொல்வது தவறு. மன்னரின் பிறந்தநாள் விழாவான அதற்குக் குடும்பம் போவது ஆண்டுக்கு ஓர் ஊர்: 2022 மாஸ்ட்ரிக்ட், 2023 ராட்டர்டாம், 2024 எம்மன், 2025 டூட்டிங்கம். ஆம்ஸ்டர்டாமில் இருப்பது ஆரஞ்சுச் சட்டைக் கூட்டம், கால்வாய்ப் படகுகள், தெருவோரப் பழைய சாமான் சந்தை. அதைப் பார்த்துத்தான் பலரும் குழம்புகிறார்கள்.

ஒரே இடத்தில் கொண்டாடியது ராணி யூலியானா காலத்தில். சூஸ்ட்டைக் அரண்மனைப் படிக்கட்டில் குடும்பம் நிற்கும். மக்கள் பூவும் பரிசும் ஏந்தி வரிசையாகக் கடந்து போவார்கள். அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்த மகள் பேயாட்ரிக்ஸ்தான் ஊர் ஊராகப் போகும் வழக்கத்தைத் தொடங்கினார்.

தேதியும் முழுச் சரியில்லை. 27 ஞாயிறானால் 26ஆம் தேதியே கொண்டாட்டம். 2014, 2025 இரண்டிலும் அப்படித்தான். பழைய பயணக் கையேடுகளில் ஏப்ரல் 30 என்றிருக்கும், அது 2013 வரைக்கும் இருந்த ராணி நாள். பயணச்சீட்டு எடுக்குமுன் அந்த ஆண்டு எந்த ஊர் என்று பாருங்கள்.