செடி விற்பவர்கள் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

மலேசியாவின் ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டு வாசலில் பூசைக்கென்று வளர்க்கும் செம்பருத்தி மொட்டு விட்டால் போதும், விடிவதற்குள் நாய் அதைத் தின்று தீர்த்துவிடுகிறது. நந்தியாவட்டையும் போயிற்று, துளசியும் போயிற்று. வயிற்றுக் கோளாறு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. ஆனால் புல்லையும் இலையையும் மெல்லுவது நோயில்லாத நாய்க்கும் இயல்புதான், அதிலும் எலும்புத் தூள் உரம் போட்ட மண் என்றால் அந்த வாசனைக்கே தொட்டியைக் கிளறிவிடும். பூ போனால் போகட்டும். இதயத்தைத் தாக்கும் அரளியையும், ஓரிரு விதைகளே நாயின் கல்லீரலைச் சிதைக்கக்கூடிய சைக்கஸ் செடியையும் அழகுக்கென்று அடுக்கி விற்கும் கடைக்காரர்கள், வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்கவே மாட்டார்களா? விலைச்சீட்டு ஒட்டுகிறவர்கள் அதிலேயே நச்சுச் செடி என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?