செடி நட வருகிறவர்களே, மார்ச் மாதம் எங்கே போகிறீர்கள்?

ஜூன் 5 நெருங்கினாலே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடுகிறது. உலகச் சுற்றுச்சூழல் தினமாம். பெங்களூரில் ஏரிக்கரை, பூங்கா, சுடுகாட்டு ஓரம் என்று ஓரிடம் பாக்கியில்லாமல் அன்றைக்குக் கன்று நடுவார்கள். நகரத்தில் இதுவரை நட்ட கன்றெல்லாம் பிழைத்திருந்தால் இந்நேரம் நாம் கோடாரியால் வழி வெட்டிக்கொண்டுதான் ஆபீஸ் போயிருப்போம். பிழைக்கவில்லை. ஏன் பிழைக்கவில்லை என்று நட்டவர்களில் ஒருவராவது திரும்பி வந்து கேட்டதுண்டா?

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், நகரத்தின் கிழக்கே, ஒரு ஏரி இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிறே இன்னும் இரண்டு பஸ் வந்து நிற்கும்.

ஞாயிறு காலை ஏழு மணி. முக்குளிப்பான் குஞ்சுகளோடு நாணல் ஓரம் மிதந்துகொண்டிருக்கும் நேரம். பஸ் கதவு திறக்கும். ஒரே நிறத்தில் டி-ஷர்ட், முதுகில் கம்பெனி பெயர், நெஞ்சில் பச்சை இலை. அடுத்து என்ன இறங்கும் என்று நினைக்கிறீர்கள்? மண்வெட்டியா? ஸ்பீக்கர் பெட்டி! கன்று நடுவதற்கு முன்னால் உடம்பைச் சூடாக்க வேண்டுமாம், அதற்கு ஏரிக்கரையில் ஜும்பா. பாட்டு கேட்டவுடன் கரையோரத்து மரத்தில் உட்கார்ந்திருந்த நீர்க்காகம் எல்லாம் ஒரே வீச்சில் கிளம்பிப் போய்விடும். அப்புறம் மைக்கில் ஒருவர், "நாம் இயற்கையோடு இணைய வந்திருக்கிறோம்" என்பார்.

இந்த ஆட்டம் தொடங்குவதற்கு முந்தின நாள் என்ன நடக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாத கதை. எங்கள் ஏரியைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் கோலார் தங்கவயல் தமிழர். சனிக்கிழமை முழுக்க அவரும் தர்மபுரிப் பக்கத்திலிருந்து கூலிக்கு வந்த இரண்டு அக்காக்களும் குழி வெட்டுவார்கள். மே மாதம் காய்ந்து கிடந்த செம்மண் எப்படி இருக்கும் என்று கடப்பாரை பிடித்தவர்களைத்தான் கேட்க வேண்டும். முதல் குத்தில் பொறி பறக்கும். தண்ணீர் ஊற்றி, ஊற விட்டு, மறுபடி குத்தி, முழங்கால் ஆழத்துக்கு வெட்டுவதற்குள் கை கொப்பளித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை டி-ஷர்ட்காரர்கள் வருவார்கள். ஒரு கன்றை ஐந்து பேர் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறக்குவார்கள். போட்டோ. மண்ணைக் காலால் தள்ளுவார்கள். மறுபடி போட்டோ. முடிந்தது. போட்டோவில் அந்த அக்காக்கள் இருக்க மாட்டார்கள், ஓரமாக நில்லுங்கள் என்று சொல்லிவிடுவார்கள்.

போன வருடம் ஆகஸ்டு வாக்கில் அப்படி நட்ட புங்கன் ஒன்று இலையெல்லாம் பழுத்து நின்றது. மழை பெய்த சமயம், தண்ணீர்க் குறை இருக்க வழியில்லை. அண்ணன் லேசாக இழுத்தார், கையோடு வந்துவிட்டது. வேருக்கு வெளியே கறுப்பு பாலித்தீன் பை அப்படியே இருந்தது. நர்சரியில் கட்டிக் கொடுத்த அதே பை! பையைக் கிழிக்காமலே குழிக்குள் இறக்கி மண்ணை மூடியிருக்கிறார்கள். உள்ளே வேர் போக வழி தெரியாமல் சுருண்டு சுருண்டு பந்தாகிக் கிடந்தது. அண்ணன் அந்தப் பையைப் பிளேடால் கீறிக்கொண்டே, "இவங்க எல்லாம் என்ன படிச்சிருப்பாங்கக்கா?" என்று கேட்டார். பக்கத்துக் குழிகளையும் பார்த்தோம். அந்த வரிசையில் பாதிக்கு மேல் அதே கதை.

சரி, பையைக் கிழித்து ஒழுங்காகவே நட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதோடு வேலை முடிந்ததா? பெங்களூரின் மழைக் கணக்கு இங்கே வாழ்கிற எல்லோருக்கும் தெரியும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை கொட்டும். டிசம்பரில் அடங்கிவிடும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் வானம் கண்ணைத் திறக்காது. ஜூனில் நட்ட கன்றின் வேர் அதற்குள் ஆழத்துக்குப் போயிருக்காது. அந்த மூன்று நான்கு மாதம் வாரம் இரண்டு தடவையாவது ஒரு குடம் தண்ணீர் கிடைத்தால்தான் உயிர் தங்கும். குறைந்தது இரண்டு கோடை, முடிந்தால் மூன்று கோடை தாண்ட வேண்டும். அப்புறம் அதுவே பிழைத்துக்கொள்ளும்.

மார்ச் மாதத்தில் எங்கள் ஏரியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போடுவேன்: "நாளைக் காலை தண்ணி ஊத்த யார் யார் வர்றீங்க?" ஜூனில் போட்டோவுக்கு நின்ற அத்தனை பேரும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். இரண்டு நீலக் கோடு வரிசையாக விழும். கட்டைவிரல் பொம்மை நான்கு. கும்பிடு பொம்மை ஏழெட்டு. "கிரேட் வொர்க் மேடம்" என்று ஒன்று. காலையில் போய்ப் பார்த்தால் நான், ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டு மாமா, பத்தாம் வகுப்பு படிக்கிற அவர் பேரன், அண்ணன். மாமாவுக்கு முட்டி வலி. அவர்தான் குடம் தூக்குகிறார்! கும்பிடு பொம்மை போட்டவர்கள் அதே நேரத்தில் அதே கரையில் வாக்கிங் போவார்கள், காதில் ஏதோ மாட்டிக்கொண்டு. எங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வேகத்தைக் கூட்டுவார்கள்.

ஒரு கம்பெனியின் ஹெச்.ஆர். பெண்ணிடம் நேராகவே கேட்டுவிட்டேன். முதலில் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டிருந்தாள், என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க தமிழா? நான் கோயமுத்தூர்" என்று சிரித்தாள். நல்ல பெண்தான். "ஏம்மா, நட்டதுக்குத் தண்ணி ஊத்த ஒரு டேங்கர் காசு கொடுக்கக் கூடாதா?" என்றேன். "மெயின்டனன்ஸ் எங்க ஸ்கோப்ல வராதுக்கா. இந்த வருஷ பட்ஜெட்டை இந்த வருஷமே முடிக்கணும்" என்றாள்.

இதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன் தெரியுமா? சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135வது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்து மதிப்போ உள்ள கம்பெனிகள் முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்கிறது. தொடர் திட்டம் என்று அறிவித்தால், தொடங்கிய வருடம் போக இன்னும் மூன்று வருடம் வரை அதை நீட்டிக்கொள்ளலாம், செலவாகாத பணத்தை அதற்கென்று தனிக் கணக்கில் போட்டு வைக்கலாம். மூன்று வருடம்! ஒரு கன்று தன் காலில் நிற்க எவ்வளவு காலம் வேண்டுமோ கிட்டத்தட்ட அவ்வளவையும் சட்டமே எழுதிக் கொடுத்திருக்கிறது. ஆனால் மூன்றாவது வருடத்தில் போட்டோவுக்குப் புதிதாக எதுவும் இருக்காதே. நின்ற இடத்தில் நிற்கிற மரத்தை எந்த மேலாளருக்கு அனுப்புவது? அதனால் போன வருடம் செத்த கன்றின் குழியிலேயே இந்த வருடமும் நடுகிறார்கள். குழி வெட்டுகிற வேலையாவது மிச்சம் என்கிறார் அண்ணன். பேனரில் எண்ணிக்கை மட்டும் வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறது.

அந்தப் பேனரில் யார் படம் போடுகிறார்கள் என்று பாருங்கள். சாலுமரத திம்மக்கா! என் கோபம் தலைக்கு ஏறுவது இங்கேதான். மாகடி தாலுகா ஹுலிக்கல் கிராமத்து அம்மா அவர். பள்ளிக்கூடம் போனதில்லை, கூலி வேலை செய்தவர். குழந்தை இல்லை. கணவர் சிக்கய்யாவும் அவரும் ஹுலிக்கல்லுக்கும் குதூருக்கும் நடுவில் இருக்கிற சாலையோரத்தில் வரிசையாக ஆலங்கன்று வைத்தார்கள். வைத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. குடத்தில் தண்ணீர் சுமந்து கிலோமீட்டர் கணக்கில் நடந்து நடந்து ஊற்றினார்கள். ஆடு மாடு கடிக்காமல் முள் வெட்டி வேலி கட்டினார்கள். 385 ஆலமரம் என்று கணக்குச் சொல்கிறார்கள், இன்றைக்கும் அந்தச் சாலையில் நிழல் விழுகிறது. 2019இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2025 நவம்பரில் நூறு வயதைக் கடந்து மறைந்தார். அந்த அம்மாவின் பெருமை நட்டதிலா இருக்கிறது? குடத்தில் இருக்கிறது! அவர் படத்துக்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு, பத்தரை மணிக்கு மசால் தோசை சாப்பிடப் போகிறார்கள். போகும்போது கரையில் கிடப்பவை: காலி தண்ணீர் பாட்டில், டிபன் பொட்டலத்தின் அலுமினியத் தாள், கன்று வந்த பாலித்தீன் பை. அதாவது கிழித்த பைகள். கிழிக்காதவை மண்ணுக்குள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, எங்கே காலியிடம் கண்டாலும் மரம் நடத் துடிக்கிற கூட்டம். இவர்களுக்குப் புல் என்றால் கண்ணுக்கே தெரியாது. ஹெசரகட்டா பக்கம் போயிருக்கிறீர்களா? அந்தப் புல்வெளிதான் பெங்களூரைச் சுற்றி மிச்சமிருக்கிற பெரிய புல்வெளி. குளிர்காலத்தில் எங்கிருந்தோ பூனைப் பருந்துகள் வந்து அந்தப் புல்லில் ராத்தங்கும். வானம்பாடி தரையில் கூடு கட்டும். வெட்டவெளியாக இருப்பதுதான் அவற்றுக்கு வீடு. அங்கே போய் மரம் நட்டால் பருந்து உட்கார்ந்து தூங்கும் புல் போச்சு, வானம்பாடியின் கூட்டைக் குறிபார்க்கக் காக்கைக்கு ஒரு கிளை ஆச்சு. அந்த நிலத்தைக் காப்பகமாக அறிவிக்கச் சொல்லி ஆர்வலர்கள் எத்தனை வருடம் நடையாய் நடந்தார்கள், நீதிமன்றம் வரை போனார்கள். 2024இல்தான் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் பாதுகாக்க மாநில வன உயிரின வாரியம் ஒப்புதல் கொடுத்தது. இப்போதும் ஒரு நண்பர் கேட்கிறார்: "அங்க இவ்வளவு இடம் சும்மாதானே கிடக்கு, நம்ம டீமை கூட்டிட்டுப் போய் நட்டா என்ன?" சும்மா கிடக்கிறதாம்!

ஏரிக்கரையும் அப்படித்தான். மண் கரையின் மேல் பெரிய மரம் வைத்தால், பின்னால் அது பட்டு வேர் மக்கும்போது கரைக்குள் ஓட்டை விழுந்து தண்ணீர் கசியும். நம் ஊர் ஏரியில் எந்தக் கிழவரைக் கேட்டாலும் சொல்வார். இங்கே கரைமேல்தான் இடம் அழகாக இருக்கிறதாம், பின்னணியில் தண்ணீர் தெரிகிறதாம்.

வேலையா இல்லை இந்த ஏரியில்? பார்த்தீனியம் பூக்கும் முன்னால் பிடுங்க வேண்டும், கையுறை போட்டுக்கொண்டு. இல்லாவிட்டால் தோல் அரித்துப்போகும். உன்னிச்செடியை மேலாக வெட்டினால் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். மண்ணுக்குக் கொஞ்சம் கீழே வேரின் கழுத்தில் வெட்டிச் செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். கன்றைச் சுற்றிச் சருகு மூடாக்குப் போட வேண்டும். ராஜகால்வாயில், அதாவது மழைத்தண்ணீர் ஓடுகிற பெரிய கால்வாயில், யார் சாக்கடையைத் திறந்துவிடுகிறார்கள் என்று நடந்து பார்த்துப் புகார் எழுத வேண்டும். எழுதிய புகாரின் எண்ணை வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி போன் அடிக்க வேண்டும். இதில் எதுவுமே போட்டோவில் நன்றாக விழாது.

தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2024 மார்ச்சில் குழாய் வற்றி, தோட்டத்துக்குக் குடிநீர் ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் ஏரியைச் சுற்றி நிற்கிற ஒவ்வொரு அடுக்குமாடியிலும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறது. சுத்திகரித்த தண்ணீரில் கழிவறைக்கும் தோட்டத்துக்கும் போக மிஞ்சுவதைத் தினமும் சாக்கடையில் விடுகிறார்கள். அதில் ஒரு டேங்கர் எங்கள் கன்றுகளுக்குப் போதும். குடியிருப்போர் சங்கத்தில் பேசி ஒரு குழாய் இழுத்துக் கொடுங்கள் என்று அதே ஜூன் மாத வீரர்களிடம் கேட்டேன், அவர்களில் பாதிப் பேர் அங்கேதான் குடியிருக்கிறார்கள். "ஏஜிஎம்ல வைக்கணும் மேடம்" என்றார்கள். பொதுக்குழு வந்தது, போனது. பார்க்கிங் சண்டையிலேயே முடிந்துவிட்டதாம்.

எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. கைகொண்டனஹள்ளி ஏரியையும் புட்டேனஹள்ளி ஏரியையும் போய்ப் பாருங்கள். அக்கம்பக்கத்து ஜனங்கள் வருடக்கணக்கில் விடாமல் நின்றதால்தான் அவை இன்றைக்கு ஏரியாக இருக்கின்றன. அங்கேயும் ஜும்பா ஆடியிருந்தால் தெரிந்திருக்கும்.

வரும் ஜூனுக்கு எங்கள் குழுவுக்கு இப்போதே ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஊழியர்கள் முந்நூறு பேர், கன்று நட இடம் ஒதுக்க முடியுமா, பேனர் கட்டக் கம்பம் உண்டா என்று. பதில் எழுதிவிட்டேன்: இடம் இல்லை. ஏற்கெனவே நட்டதில் உயிரோடு இருப்பவற்றுக்குத் தண்ணீர் வேண்டும். பிப்ரவரி முதல் மே வரை சனிக்கிழமைதோறும் பத்துப் பத்துப் பேராக வாருங்கள். குடம் நாங்கள் தருகிறோம், டி-ஷர்ட் கிடையாது. ஸ்பீக்கர் உள்ளே வராது.

மறுநாளே பதில் வந்தது. யோசிக்கிறார்களாம். குடத்தில் கம்பெனி லோகோ ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறார்கள்.

ஒட்டுங்கள் தாயே. இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். தூக்கிக்கொண்டு நடந்தால் சரி.