படம் எடுத்தவன் மேல் ஏன் பாய்கிறீர்கள்?

மருந்துக் கம்பெனி டாக்டர்களைச் சுற்றுலா கூட்டிப்போனதாக ஒரு பையன் எடுத்து இணையத்தில் போட்ட அந்தப் புகைப்படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மலைமேல் ஒரு விடுதி, குடும்பம் குடும்பமாக டாக்டர்கள், பின்னால் மனச்சோர்வு மாத்திரையின் பெயர் போட்ட பேனர். படத்துக்காக நான் எழுத வரவில்லை. அதன் கீழே நம் ஊர் மனநல டாக்டர் ஒருவர் போட்ட பதில்தான் உறுத்துகிறது. "இப்படிப் பரப்புவதால்தான் நோயாளிகள் நம்பிக்கை இழந்து மாத்திரையை நிறுத்துகிறார்கள். விளைவுக்கு நீங்களே பொறுப்பு" என்கிறார்.

அப்படியா டாக்டர்? விடுதிக்குப் போனவர்கள் பொறுப்பில்லை, பேனர் கட்டிய கம்பெனி பொறுப்பில்லை, படம் எடுத்த பையன் பொறுப்பு. நல்ல நியாயம்.

என் அண்ணன் பல வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறவர். முன்பே எழுதியிருக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. பாளையங்கோட்டையில் அவரைக் காட்டும் கிளினிக்கின் பெஞ்சு எனக்கு நன்றாகப் பழக்கம். தென்காசிப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர்கள் டோக்கனோடு உட்கார்ந்திருப்பார்கள். சுவரோரம் டை கட்டி, கறுப்புப் பையுடன் மெடிக்கல் ரெப்கள். இரண்டு நோயாளிக்கு ஒரு ரெப் என்று உள்ளே போவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, மாத இலக்கு என்ற கத்தி அவர்கள் தலைமேல் தொங்குகிறது. உள்ளே பேனா ஸ்டாண்டு, காலண்டர், சுவர்க் கடிகாரம் எல்லாவற்றிலும் ஏதாவதொரு மாத்திரையின் பெயர்.

ஒருமுறை, நன்றாக ஒத்துக்கொண்டிருந்த மாத்திரையின் பெயர் சீட்டில் மாறியிருந்தது. மருந்துக்கடையில் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே இருக்கும் மருந்து அதே ரிஸ்பெரிடோன், அதே 2 மில்லிகிராம். விலைதான் கூடுதல். "எனக்காக மாற்றினாரா, அவருக்காக மாற்றினாரா?" என்று அண்ணன் கேட்டார். ஊரே தனக்கு எதிராகச் சதி செய்கிறது என்ற பயத்திலிருந்து மீண்டு வந்த மனிதர் அவர். அவரிடம் போய், சந்தேகப்படக் கூடாது என்று நான் எந்த முகத்தோடு சொல்வது?

நம்பிக்கையைக் கெடுத்தது படம் அல்ல. பராக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரை வளரிளம் பருவத்தினருக்கும் நல்லது என்று 2001இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அந்த மாத்திரையை விற்ற கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் கம்பெனியின் பணத்தில் நடந்த ஆய்வு. வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளைத் தோண்டி 2015இல் வெளியிட்டபோது, பலன் இல்லை, தற்கொலை எண்ணம் உள்ளிட்ட தீங்குதான் உண்டு என்று தெரிந்தது. அதற்கு முன்பே 2012இல், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதியின்றி அதை விற்க முனைந்தது உள்ளிட்ட குற்றங்களுக்காக அந்தக் கம்பெனி அமெரிக்காவில் 300 கோடி டாலர் கட்டியது. அதையும் நம் ஊர்ப் பையன்தான் படம் எடுத்தானா? அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 மனச்சோர்வு மருந்து ஆய்வுகளைச் சிலர் 2008இல் சரிபார்த்தார்கள். சாதகமான 38இல் 37 அச்சேறியிருந்தன. மற்ற 36இல் 22 வெளியே வரவே இல்லை, 11 சாதகமானவை போலவே எழுதப்பட்டிருந்தன.

"அப்படியானால் மாத்திரையே ஏமாற்றா?" என்று வருவீர்கள். இல்லை. 522 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த கட்டுரை, 21 மனச்சோர்வு மருந்துகளும் பெரியவர்களுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடப் பலன் தருவதாகத்தான் சொன்னது. அண்ணனுக்குக் கொடுப்பது வேறு வகை மருந்து. அவர் இன்று டவுனில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதுகிறார் என்றால் அந்த மாத்திரையால்தான். யாரும் தாமாக நிறுத்திவிடாதீர்கள். அம்மா அவரைப் புளியம்பட்டி அந்தோணியார் கோவிலுக்கும் பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்கும் கூட்டிப் போனவள்தான். அங்கே யாரும் எங்களைப் பொறுப்பற்றவர்கள் என்று திட்டவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"எஞ்சினியர் கமிஷன் வாங்கவில்லையா?" வாங்குகிறார். ஆனால் மதினிக்குக்கூடச் சொல்லாததை அண்ணன் எஞ்சினியரிடம் போய்ச் சொல்வதில்லை.

"கம்பெனி நடத்தும் மாநாடு இல்லாமல் டாக்டர்கள் புதிதாக எப்படிப் படிப்பது?" சொந்தக் காசில் படியுங்கள். பரிசும் சுற்றுலாவும் கூடாது என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு மருந்துக் கம்பெனிகளுக்கு விதி போட்டது. புகாரை விசாரிப்பது கம்பெனிச் சங்கங்களின் குழுவேதான். டாக்டர்களுக்கென 2023 ஆகஸ்டில் வந்த புதிய நடத்தை விதிகள் அதே மாதமே நிறுத்திவைக்கப்பட்டன. யார் கேட்டு என்று நான் சொல்லவும் வேண்டுமா?

அந்த டாக்டரின் பதிலுக்கு விருப்பக்குறி போட்டவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு. பைத்தியக்கார வீட்டில் பெண் கொடுக்காதீர்கள் என்று மதினி வீட்டுக்கு ஆள் அனுப்பியவர்கள். அவர்களுக்கு இன்று நோயாளிகளின் நம்பிக்கை மேல் இத்தனை அக்கறை.

மாத்திரையை நிறுத்தச் சொல்லும் கமென்டுகளை நீக்கிவிடுவேன். நல்ல டாக்டர்களும் இருக்கிறார்கள் என்று பாடம் எடுக்கும் கமென்டுகளையும்தான். அந்த விடுதியின் ரூம் வாடகையை யார் கட்டினார்கள் என்று தெரிந்தவர்கள் மட்டும் எழுதுங்கள்.