இணையத்தில் போட்டது அழியாதா?

"நெட்டுல ஒருமுறை போட்டா அழியவே அழியாது" என்று ஆளாளுக்கு எச்சரிக்கிறார்கள். பரவிவிட்ட ஒரு படத்துக்கு அது சரியாக இருக்கலாம். தமிழில் எழுதிக் குவித்தவற்றுக்குச் சற்றும் பொருந்தாது.

இலவச வலைப்பக்கம் தந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. சமூக வலைத்தளங்களான ஆர்குட் 2014 செப்டம்பரில், கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். வலைப்பதிவுகளுக்கு முன்பே மடல்கள் வழியே தமிழ் இலக்கிய விவாதங்கள் நடந்த யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரோடு முடிந்தன. சொந்த டொமைன் (இணைய முகவரி) வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. டாட் காம் பெயருக்குப் பணம் கட்டாவிட்டால் பதிவு நிறுவனம் அதிகபட்சம் 45 நாள் பொறுக்கும். பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதற்குத் தனிக் கட்டணம். அடுத்த 5 நாளில் பெயர் பொதுவுக்குப் போய்விடும். எழுதியவர் இறந்துபோனால் கடவுச்சொல் வீட்டில் யாருக்குத் தெரியும்?

பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பக்கம் கிடைத்தாலும் நமக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எல்லா மொழிக்கும் பொதுவான குறிமுறையான யூனிகோடு பரவுவதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துரு. பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகள்தான். எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் ஆங்கிலக் குப்பை. அந்தப் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து எழுத்துருவின் பெயரைப் பாருங்கள். பிறகு எழுத்துரு மாற்றிகளான என்எச்எம் கன்வர்ட்டரிலோ சுரதாவின் பொங்குதமிழிலோ அதற்குரிய குறிமுறையைத் தேர்ந்து மாற்றுங்கள். டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறிமுறையில் உள்ள பக்கங்களைத் திரையிலிருந்து காப்பி செய்தால் சில எழுத்துகள் உதிரும். கோப்பாகச் சேமித்து மாற்றுவதே நல்லது. மாற்றியதும் "கௌரி" என்று தேடிப் பாருங்கள். பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியும் ளகரமும் ஒரே வடிவம் என்பதால் அது "கெளரி" என்று மாறியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தேடலில் சிக்காது. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் நூல்கள் இன்றும் படிக்கக் கிடைப்பதற்குக் காரணம், தன்னார்வலர்கள் டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி வைத்ததுதான்.

முகநூலை நம்பி எழுதுகிறவர்களுக்கும் இதே ஆபத்து. லாகின் கேட்கும் பக்கங்களை வேபேக் மெஷினால் ஒழுங்காகச் சேமிக்க முடியாது. முகநூலில் உங்கள் தகவலைப் பதிவிறக்கும் வசதியில் எச்டிஎம்எல் வடிவத்தையே தேர்ந்தெடுங்கள். ஜேசான் என்ற இன்னொரு வடிவத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் பல துண்டாக உடைந்து வரும், அதை ஒட்டவைக்க நிரல் எழுத வேண்டும். கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரின் பேக்கப் கோப்பில் எழுத்தும் மறுமொழியும் இருக்கும். படங்களின் முகவரி மட்டுமே இருக்கும். படங்களைத் தனியே இறக்குங்கள்.

யாஹூ குழும உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். அன்று வந்த மடல்கள் உங்கள் பழைய இன்பாக்ஸிலோ, பரணில் கிடக்கும் கணினியின் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற மடல் மென்பொருளிலோ இன்னும் இருக்கலாம். இரண்டு ஆண்டு திறக்காத கணக்கைக் கூகுள் நீக்கலாம் என்பது 2023 முதல் நடைமுறை. இன்றே உள்ளே போய், தண்டர்பேர்டு என்ற மடல் மென்பொருளில் இறக்கி, ஒரு பிரதியை வெளி ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். மற்றவர் மடல்களைப் பொதுவில் ஏற்றுவதற்கு முன் எழுதியவரையோ குடும்பத்தாரையோ கேட்டுவிடுங்கள்.