உபுண்டுவுக்குப் பணம் கட்டத் தேவையில்லை

விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் மென்பொருளான உபுண்டு பற்றி டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "உபுண்டு 24.04 இனி இலவசமில்லை, பணம் கட்டாவிட்டால் அப்டேட் நின்றுவிடும்." இது பொய்.

தென்னாப்பிரிக்கர் மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கிய உபுண்டு, 2004-இல் முதல் பதிப்பு வந்ததிலிருந்தே இலவசம்தான். 2024 ஏப்ரலில் வந்த 24.04 பதிப்பின் அடிப்படை மென்பொருள் தொகுப்புகளுக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும்.

டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில்) அப்கிரேடு கொடுக்கும்போது, 'உபுண்டு புரோ' வழியாகக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் பெறலாம் என்று ஒரு வரி வரும். அதைப் பார்த்துத்தான் யாரோ பயந்திருக்க வேண்டும். அது விருப்பச் சேவை. சொந்த உபயோகத்துக்கு ஐந்து கணினிகள் வரை அதுவும் இலவசம்; ஒரு கணக்குத் திறந்தால் போதும்.

பிள்ளைகளின் படிப்புக்காகப் பழைய லேப்டாப்பில் உபுண்டு போட்டிருப்பவர்கள் தயவுசெய்து யாருக்கும் ஒரு ராண்ட் கூட அனுப்பாதீர்கள்.